காலை எடு, ஃப்ரீயா விடு

பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இப்போது அங்கே அவள்தான் இன்ஸ்ட்ரக்டராம். தெலுங்கும் உருதும் பேசும் இந்த ஊரில், மெட்டுகுடாவில் வளர்ந்த தமிழ்ப் பெண், ஆனால் வாயைத் திறந்தால் தெலுங்குதான். புதுப் பேருந்துகளில் டிரைவர் கண்ணுக்கு நேரே ஒரு திரை இருக்கிறதாம், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் கீக் கீக்கென்று கத்துமாம். டீசல் மிச்சம் பிடிக்கும் வகுப்பை அந்தக் காலத்தில் முதலில் நடத்தியவன் நான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாள்.

இரண்டு பக்கம் எதற்கு? மூன்று வரி போதும். தூரத்தில் சிக்னல் தெரிந்தால் அப்போதே காலை எடு. தேவையில்லாமல் பிரேக் அடிக்காதே. நின்ற இடத்தில் இஞ்சினை உறும விடாதே. இதையெல்லாம் அந்தத் திரையே சொல்லிக் கொடுத்துவிடும். அது சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதினால் அவள் அச்சில் போடமாட்டாள். போடாவிட்டால் போகட்டும், எண்பது தாண்டியவனை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் சாமுவேல். அப்பா தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். எனக்கு ரயில்வே கிடைக்கவில்லை. அரசு பஸ் டிப்போவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து பத்து வருஷம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். பிறகு பரீட்சை எழுதி, ஆறு வாரம் வெளியூர்ப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததும் இன்ஸ்ட்ரக்டர் ஆக்கினார்கள். லைசென்ஸ் இருந்தது, வண்டியும் ஓட்டுவேன். ஆனால் ரூட்டில் ஒரு நாள்கூட டிரைவர் வேலை பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கேடும் இதில்தான் ஆரம்பித்தது.

எழுபதுகளின் நடுவில் அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெய் விலையை ஏற்றியதும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு லிட்டர் டீசலில் எந்த டிரைவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறான் என்று தினமும் கணக்கெடுக்க வேண்டும். எங்கள் டிப்போ மேனேஜர் ஒரு படி மேலே போனார். டிப்போ வாசலில் பெரிய கரும்பலகை ஒன்றை மாட்டினார். காலையில் முதல் வண்டி வெளியேறும் முன் எல்லா டிரைவர்களின் பெயரும் முந்தைய நாள் கிலோமீட்டரும் அதில் இருக்கும். கடைசி ஐந்து பேர் சிவப்புச் சாக்பீஸில்.

அந்த மனிதரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். யாரையும் திட்ட மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வெள்ளைச் சட்டை, தேய்த்த பேன்ட், சட்டைப் பையில் இரண்டு சாக்பீஸ். சிவப்பில் இருக்கும் டிரைவர் வாசலைக் கடக்கும்போது வண்டியைக் கையால் நிறுத்துவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பேச மாட்டார். வண்டியில் ஏறிய ஜனம், பின்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் காத்திருக்கும். பிறகு தெலுங்கில் ஒரே கேள்வி: "வீட்டில் உடம்பு கிடம்பு சரியில்லையா?" அவ்வளவுதான். அதைக் கேட்பதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம் என்று டிரைவர்கள் சொல்வார்கள். என்னிடம் அவர் மரியாதையாக இருந்தார். அது எனக்குத் தலைக்கு ஏறியது, மறைக்காமல் சொல்கிறேன்.

வகுப்பு என்றால் வெறும் பேச்சு இல்லை. வண்டியின் டீசல் தொட்டியைத் துண்டித்துவிட்டு, ஜன்னலோரம் ஐந்து லிட்டர் தகர டப்பா ஒன்றை மாட்டி அதிலிருந்து ரப்பர் குழாயைப் பம்புக்குக் கொடுப்போம். டிரைவர் முதலில் தன் பழக்கப்படி ஓட்டுவான். நான் பின் சீட்டில் நோட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரு புள்ளி போடுவேன். திரும்ப அதே ரோட்டில் நான் சொன்னபடி ஓட்ட வேண்டும். முடிவில் டப்பாவில் மிச்சமிருக்கும் டீசலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் காட்டுவேன். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் நாலு விரல் உயரம் இருக்கும். முரட்டு ஆசாமிகள்கூட அந்த ஜாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

என் பாடத்தின் சாரம் இது. இறக்கம் வருகிறதா, கியரை மாற்றாதே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடு. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பம்பு டீசலை நிறுத்திவிடும். சக்கரம் இஞ்சினைச் சுற்றும், இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசலும் மிச்சம், பிரேக்கும் மிச்சம். நியூட்ரலில் போட்டால் இஞ்சின் தனியாக ஓடிக்கொண்டு டீசல் குடிக்கும், வண்டியைப் பிடிக்க பிரேக்கை விட்டால் வேறு நாதியில்லை. ஆகவே நியூட்ரல் ஆகாது. விளக்கிச் சொன்னால் குழந்தைக்கும் புரியும்.

நான் விளக்கிச் சொல்லவில்லை. முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் தெலுங்கு, மிச்சம் உருது, நாலைந்து பேர் தமிழ். மூன்று பாஷையிலும் சொல்லி முடிக்கப் பொழுது போதாது. அதனால் மூவருக்கும் பொதுவாக, எல்லாருக்கும் தெரிந்த உருதுவில் ஒரு சுலோகம் பிடித்தேன். "பாவ் உடாவ், ஃப்ரீ சோடோ." காலை எடு, ஃப்ரீயா விடு. கைதட்டினார்கள். மேனேஜர் அதைப் பெயிண்டில் எழுதி மாட்டுவதாகவே சொன்னார்.

பணிமனையில் நாங்கள் ஃப்ரீ என்றால் சக்கரம் தடையில்லாமல் சுற்றுவது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்து, "ஃப்ரீயா இருக்கு" என்போம். மிதிக்காமல், மறிக்காமல், வண்டியை அதன் போக்கில் விடு என்ற அர்த்தத்தில்தான் அந்த வார்த்தையைப் போட்டேன். டிரைவர்களுக்கு ஃப்ரீ என்றால் நியூட்ரல். "வண்டி ஃப்ரீல கீதா பாரு" என்றுதான் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது. ரூட்டில் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்கும்.

தெரியவே தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. முனிரத்தினம் என்று ஒரு டிரைவர். மல்காஜ்கிரியில் வீடு, பூர்விகம் குடியாத்தம் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், இருபது வருஷ சர்வீஸில் ஒரு கீறல்கூட விழாத ஆள். அவருக்குக் கொடுத்த வண்டி ஓட்டை வண்டி. அதனால் மூன்று மாதமாகச் சிவப்புச் சாக்பீஸிலேயே கிடந்தார். மேனேஜர் நாள் தவறாமல் அவர் வண்டியை வாசலில் நிறுத்திக் கண்ணாடி துடைத்தார். அந்த மனுஷன் அவமானத்தில் பாதியாக இளைத்துப்போய்த்தான் என் வகுப்புக்கு வந்தார். பின் பெஞ்சில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

நான் சுலோகம் சொன்னதும் முனிரத்தினம் எழுந்து நின்றார். தமிழிலேயே கேட்டார்.

"மாஸ்டர், ஒரு டவுட்டு. ஃப்ரீன்னா இன்னா, நியூட்ரலா?"

நேரான கேள்வி. 'இல்லை அண்ணே, கியரிலேயே இருக்கட்டும்' என்று ஒரு வரி சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஆனால் மேனேஜர் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். வகுப்பு ஜோராகப் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்து கேட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஃப்ரீன்னா ஃப்ரீதான்யா! அதுக்கு ஒரு விளக்கமா? உட்காருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முனிரத்தினமும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

இரண்டே வாரத்தில் அவர் பெயர் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு வந்தது. ஒரு மாதத்தில் பலகையில் மேலே ஏறிவிட்டது. நியூட்ரலில் டீசல் மிச்சமாகாதே என்று கேட்பீர்கள். கியரில் காலை எடுத்தால் வண்டி சீக்கிரம் வேகம் குறையும். நியூட்ரலில் போட்டால் இறக்கம் முடிந்து சமதரை வந்த பிறகும் வெகுதூரம் ஓடும், மிதிக்க வேண்டியதே இல்லை. பிரேக்கை நம்பி உயிரைப் பணயம் வைத்தால் கிலோமீட்டர் கூடத்தான் செய்யும். மேனேஜர் வாசலில் வண்டியை நிறுத்தி அவர் கையைக் குலுக்கினார். அடுத்த வகுப்பில் நான், "முனிரத்தினம் அண்ணனைப் பாருங்க, ஓட்டை வண்டியில சாதிச்சிருக்காரு" என்று உதாரணம் காட்டினேன். சிவப்பில் கிடப்பவர்களோடுதான் நான் வண்டியில் ஏறிப் போய்ப் பார்ப்பது வழக்கம். மேலே ஏறியவரோடு போய் என்ன பார்க்க இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

போவன்பள்ளி தாண்டி வெளியூர் ரூட்டில் ஒரு நீளமான சரிவு இருந்தது. அதன் அடியில் ஒரு ஸ்டாப். காலை நேரத்தில் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கூடையும் மூட்டையுமாகக் காய்கறி கொண்டுவந்து அங்கே நிற்பார்கள். முனிரத்தினம் மேலேயே நியூட்ரலில் போட்டுவிட்டு வந்தார். பாதிச் சரிவில் எருமை ஒன்று குறுக்கே வர, பிரேக் அடித்தார். பிறகு ஒரு சைக்கிளுக்காக அடித்தார். மூன்றாவது தடவை ஸ்டாப்புக்காக மிதித்தபோது, சூடேறிப்போன பிரேக்கில் மிதி அடிவரை போனது, வண்டி நிற்கவில்லை. மறுபடி கியருக்குள் தள்ளப் பார்த்திருக்கிறார், அந்த வேகத்தில் கியர் விழவில்லை. ரோட்டை விட்டு இறக்கினார். அங்கே லட்சுமம்மா என்ற பெண் கத்தரிக்காய் மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

நான் டிப்போ ஜீப்பில் போனபோது அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வண்டியின் முன்சக்கரம் வரப்பில் ஏறி நின்றது. ரோடெல்லாம் கத்தரிக்காய் நசுங்கிக் கிடந்தது. என் வேலையைச் செய்தேன். உள்ளே ஏறி முதலில் கியர் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். நியூட்ரலில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே, மண்ணில், முனிரத்தினம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார்.

"மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரியேதான் வந்தேன் மாஸ்டர். ஃப்ரீலதான் வந்தேன். நிக்கவே இல்ல மாஸ்டர்."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "போலீஸ்காரங்ககிட்ட எதுவும் உளறாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்காகத்தான் சொன்னேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோர்ட் வழக்கு ஒரு பக்கம் இருக்க, டிப்போவில் துறை விசாரணை வைத்தார்கள். குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: விதிக்கு மாறாக நியூட்ரலில் ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்தது. இன்ஸ்ட்ரக்டர் என்ற முறையில் நான் சாட்சி. விசாரணைக்கு முதல் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சாமுவேல், நியூட்ரல்னு நீங்க வகுப்புல எப்பவாவது சொன்னீங்களா?"

"இல்லை சார்."

"அப்ப அதைச் சொன்னா போதும். கேட்டதுக்கு மேல எதுவும் சொல்ல வேண்டாம். உங்க புரொபேஷன் அடுத்த மாசம் முடியுது இல்ல?"

பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை, அந்த மனிதர் சொல்லவும் மாட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி கிரேஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"என்ன சொல்லப் போறீய?"

"தெரியல."

"நமக்கு மூணு புள்ளைய இருக்கு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க. கைக்கு இந்த வம்பு?" என்றாள். கைக்கு என்றால் எதற்கு; அவள் தமிழில் இந்த ஊர் உருது இப்படித்தான் நடுவில் வந்து விழும். அவள் மேல் பழி போடவில்லை. அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

விசாரணை அதிகாரி வேறு டிப்போவிலிருந்து வந்திருந்தார். மேஜை, டைப்பிஸ்ட், இரண்டு நாற்காலி. முனிரத்தினம் காக்கிச் சட்டையைத் துவைத்துப் பெட்டி போட்டுக்கொண்டு வந்திருந்தார். நியூட்ரல் என்று சொல்லிக்கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். நியூட்ரலில் ஓட்டலாமா? கூடாது. விதிப் புத்தகத்தில் இருக்கிறதா? இருக்கிறது. எல்லாம் உண்மை. டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே இருந்தான்.

பிறகு, சாட்சியை ஏதாவது கேட்க வேண்டுமா என்று அதிகாரி முனிரத்தினத்தைக் கேட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு. அவர் எழுந்தார். வகுப்பில் எழுந்த மாதிரியே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணுதான் கேக்கறேன். அன்னிக்கி கிளாஸ்ல எழுந்து, ஃப்ரீன்னா நியூட்ரலான்னு உங்கள கேட்டனா இல்லியா?"

மேனேஜர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வகுப்பில் இருந்த முப்பது பேரில் ஒருவனும் சாட்சி சொல்ல வரவில்லை. வந்தால் தானும் நியூட்ரலில்தான் ஓட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மேனேஜர் சொல்லப் போவதில்லை. ஆக, அந்தக் கேள்வி நடந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் நான். ஆமாம் என்றால் அவர் வேலை தப்பும், தண்டனை இன்கிரிமென்ட் வெட்டோடு போய்விடும். என் வேலை தப்புமா என்பது தெரியாது.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

அதிகாரி அதை இங்கிலீஷில் டைப்பிஸ்டுக்குச் சொன்னார். முனிரத்தினம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு ஞாபகப்படுத்த முயற்சி செய்வதுபோல் பார்த்தார்.

"நல்லா ரோசனை பண்ணுங்க மாஸ்டர். எல்லாரும் சிரிச்சாங்களே?"

"இல்லை. ஞாபகம் இல்லை."

பத்து நாளில் டிஸ்மிஸ் உத்தரவு வந்தது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. செய்ய வேண்டுமானால் புதிதாக ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டும். அவரிடம் என்ன இருந்தது? எனக்கு என் வேலை நிரந்தரமானது.

இன்னொருத்தி சாகக்கூடாது என்ற பயம் மட்டும் எனக்கு உண்மையாகவே இருந்தது. தூங்கவே முடியவில்லை. மேனேஜரிடம் போய், சுலோகத்தை மாற்ற வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "எழுதிக் கொடுங்க" என்றார். இங்கிலீஷில் ஒரு சர்க்குலர் எழுதினேன். இன்ஸ்ட்ரக்டர்கள் வகுப்பில் ஃப்ரீ என்ற சொல்லை இனிப் பயன்படுத்தக் கூடாது, டிரைவர்கள் அதை நியூட்ரல் என்று எடுத்துக்கொள்கிறார்கள், கியரில் வைத்தே காலை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று. ஃப்ரீ என்ற வார்த்தையை மட்டும் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னேன். கீழே என் பெயர், என் கையெழுத்து. மேனேஜர் படித்துவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டார். வெளி டிப்போக்களுக்கு மட்டும் அனுப்பலாம், இங்கே ஒட்ட வேண்டாம் என்றார்.

அந்தத் தாள் என் மேஜை மேல் கிடந்தபோதுதான் முனிரத்தினம் உள்ளே வந்தார். யூனிஃபார்மையும் பேட்ஜையும் ஒப்படைக்க வந்திருக்கிறார், அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று. முகம் சவரம் செய்யாமல் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல மாஸ்டர். வாரத்துக்கு முப்பது பேரு வரான், எவன் இன்னா கேட்டான்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? என் நேரம், அவ்ளோதான். செத்துப்போன அந்தப் பொம்பளையோட புள்ளைங்களத்தான் நெனச்சிக்கினே கீறேன்" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பார்வை மேஜையில் இருந்த தாளில் விழுந்தது. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ஊர்ப் பலகை பார்த்துப் பார்த்துப் பெரிய எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார். குனிந்து விரலை வைத்தார்.

"எஃப்பு... ஆரு... ஈ, ஈ. ஃப்ரீதான மாஸ்டர் இது?"

"ஹவ், ஆமா" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன். "இன்னா மாஸ்டர் போட்டிருக்குது? ஃப்ரீ பத்தி ஆபீஸ்ல இன்னா போட்டிருக்கான்?"

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்கு அவருக்கு வேண்டிய ஆதாரம் அவர் விரலுக்கு அடியில் இருந்தது, என் கையெழுத்தோடு. நான் தாளை அவர் விரலுக்கு அடியிலிருந்து மெதுவாக உருவி, மடித்து, டிராயருக்குள் வைத்தேன்.

"அது ஒண்ணுமில்லைண்ணே. ஸ்டாஃப் குடும்பத்துக்கு ஃப்ரீ பாஸ் தராங்க இல்ல, அதைப் பத்தின சர்க்குலர்."

"ஓ, ஃப்ரீ பாஸா" என்றார். "நமக்குத்தான் இனிமே அது இல்லியே."

கும்பிட்டுவிட்டு வெளியே போனார். வாசலில் மல்காஜ்கிரி போகும் வண்டி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் அவரை அடையாளம் கண்டு, ஏறிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினான். பாஸ் இல்லை என்று இவர் கையை விரித்துக் காட்டிவிட்டு, ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார்.